வயதைக் கேட்காமல் கல்வியைக் குலுக்கக் கூடாது

ஒரு குடும்பக் கணக்கெடுப்பின் தரவு கைக்கு வருவதற்கு முன்பே அதை அலசும் ஸ்கிரிப்டை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். களத்தில் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எந்தக் கேள்விக்கு எந்த வடிவத்தில் பதில் வரும் என்பது ஏற்கெனவே தெரியும். அதே வடிவத்தில் 5000 பேருக்குச் செயற்கைத் தரவு தயாரித்து, அதன்மேல் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பது திட்டம். உண்மையான மனிதர் ஒருவரின் விவரம்கூட அதில் இருக்காது என்பதால் யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். பாலினம், வயது, குடும்ப அளவு எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தன. கல்வி நிலை என்ற ஒரே ஒரு நெடுவரிசைக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை செய்தது ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில். ரேண்டமாக மக்கள்தொகைத் தரவு தயாரிக்கவே வேக்ஃபீல்டு என்றொரு பேக்கேஜ் அதில் இருக்கிறது. கல்வி நிலைக்கென்றே ஒரு ஃபங்ஷனும் அதில் உண்டு. வகுப்பில் காட்டுவதற்கும் ஒரு வரைபடத்தைச் சோதிப்பதற்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் அதிலுள்ள பிரிவுகள் அமெரிக்கக் கல்வி முறையைச் சார்ந்தவை. என் கணக்கெடுப்பு யுனெஸ்கோவின் சர்வதேசக் கல்வி வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு 0 முதல் 8 வரை ஒன்பது நிலைகள். எங்கள் படிவத்தில் 4, 5 இரண்டையும் பயன்படுத்தவில்லை. மிச்சம் ஏழு: 0, 1, 2, 3, 6, 7, 8. எண்கள் இப்படி நடுவில் தாண்டிப் போகின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

முதல் நாள் ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சாம்பிள் என்ற ஃபங்ஷனுக்கு ஏழு பெயர்களைக் கொடுத்து, 5000 வேண்டும் என்றேன். இருப்பதைவிட அதிகமாக எடுக்க முடியாது என்று பிழைச் செய்தி வந்தது. சாம்பிள் தானாகச் செய்வது, எடுத்த சீட்டைத் திரும்பப் போடாத குலுக்கல். ஏழு சீட்டுதான் இருக்கிறது, ஏழோடு தீர்ந்துவிடும். ரீப்ளேஸ் என்பதை ட்ரூ என்று வைத்தால் எடுத்த சீட்டு மறுபடி பானைக்குள் போய்விடும், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அதோடு, 0 முதல் 8 வரை வரிசையாக, ஒவ்வொரு நிலைக்கும் இவ்வளவு வாய்ப்பு என்று எடை கொடுத்தேன். பள்ளி செல்லாதோர் 10, தொடக்கநிலை 18, நடுநிலை 20, மேல்நிலை 27, இளநிலைப் பட்டம் 17, முதுநிலைப் பட்டம் 7, முனைவர் பட்டம் 1. கூட்டினால் 100. இவை எந்த நாட்டின் புள்ளிவிவரமும் அல்ல, சோதனைக்காக நானே வைத்த எண்கள். எடைகளின் கூட்டு 1 ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் சாம்பிளுக்குக் கிடையாது. எதைக் கொடுத்தாலும் விகிதம் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். வசதிதான், ஆனால் 27 என்பதை 2.7 என்று தட்டிவிட்டாலும் அது வாய் திறக்காது. அதனால் கூட்டு சரியாக 100 வருகிறதா என்று நாமே ஒரு வரி போட்டுவிடுவது நல்லது. தசமத்தில் எழுதாமல் முழு எண்ணில் எழுதியதற்கும் காரணம் இதுவே. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 தானா என்று ஆரிடம் கேட்டால் இல்லை என்கிறது. கணினி தசமங்களை இரும எண்ணில் சேமிப்பதால் வரும் நுண்ணிய வேறுபாடு அது. முழு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் 100 பேருக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தேன். எந்த நிலையில் எத்தனை பேர் என்று எண்ணித் தரும் டேபிள் ஃபங்ஷனைப் போட்டால் முனைவர் பட்டம் என்ற பெயரே காணோம். எடை 1 விழுக்காடு என்றால் 100 பேரில் ஒருவராவது வர வேண்டாமா? வேண்டியதில்லை. 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் 0.366 வருகிறது. மூன்று ஓட்டத்தில் ஒன்றுக்குச் சற்று மேலாக முனைவர் ஒருவர்கூட இல்லாமல் போவது இயல்பு. எனக்கு உறுத்தியது வேறு. பூஜ்யம் என்று காட்டாமல் அந்த நிலையே பட்டியலிலிருந்து மறைந்துபோனது. வெறும் எழுத்துச் சரமாக இருக்கும் நெடுவரிசையில், வராத பெயர் இருப்பதாகவே ஆருக்குத் தெரியாது. ஃபேக்டராக (வகைப் பிரிவுகளுக்கென்றே ஆரில் உள்ள தரவு வடிவம்) மாற்றி, சாத்தியமான நிலைகள் இவை என்று லெவல்ஸ் கொடுத்தால்தான் 0 என்று காட்டும்.

ஃபேக்டராக மாற்றியபோது இன்னொன்று தெரிந்தது. நாம் வரிசை சொல்லாவிட்டால் ஆர் அகர வரிசையில் அடுக்குகிறது. என் பெயர்கள் தமிழில் இருந்ததால் வந்த அடுக்கு இது: இளநிலைப் பட்டம், தொடக்கநிலை, நடுநிலை, பள்ளி செல்லாதோர், முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம், மேல்நிலை. 'மு'வுக்குப் பிறகு 'மே' வருவதால் மேல்நிலைப் பள்ளி முடித்தவர் முனைவருக்கும் மேலே போய் உட்கார்ந்துவிட்டார். வரைபடத்தில் பட்டைகள் இந்த வரிசையில் நின்றால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ரிக்ரெஷன் போன்ற புள்ளியியல் கணக்குகளில் அப்படித் தெரியாது. ஆகவே லெவல்ஸை நம் கையால் எழுத வேண்டும், ஆர்டர்டு என்றும் சொல்ல வேண்டும். (ஆர்டர்டு என்று சொன்ன பிறகு ரிக்ரெஷன் ஓட்டினால் நிலைகளின் பெயருக்குப் பதிலாக எல், க்யூ, சி என்று வரும். நேர்கோட்டுப் போக்கு, இருபடிப் போக்கு, முப்படிப் போக்கு என்று ஆர் பிரித்துக் காட்டும் முறை அது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம்.)

இரண்டாம் நாள் வயதையும் கல்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்து வரிசை தள்ளியதும் கண்ணில் பட்டது: வயது 7, கல்வி முனைவர் பட்டம்.

இரண்டு நெடுவரிசைகளையும் தனித்தனியாகக் குலுக்கினால் இதுதான் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயதை 5 முதல் 90 வரை சமமாகக் குலுக்கியிருந்தேன். மொத்தம் 86 வயதுகள், அவற்றில் 18-க்குக் கீழ் 13. அதாவது 5000 பேரில் ஏறத்தாழ 756 பேர் 18 வயது நிரம்பாதவர்கள். பட்டம் பெற்றோரின் மொத்த எடை 25 என்பதால் அவர்களில் கால் பங்கு, சுமார் 189 பேர் கையில் பட்டம். ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியே பார்த்தால் பரவல் கச்சிதமாக இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் உலகில் இருக்கவே முடியாத மனிதர்கள்.

இப்படி இருக்க முடியாத ஆட்களின் வரிசைகளை அழித்துவிடலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. செய்தும் பார்த்தேன், வயதுப் பரவல் சிதைந்தது. ஏழு வயதில் யாரும் தொடக்கக் கல்வியை முடித்திருக்க மாட்டார்கள். ஆகவே ஏழு வயதுக்காரர்களில் பள்ளி செல்லாதோர் என்ற சீட்டு விழுந்த 10 விழுக்காட்டினர் மட்டுமே தப்பினார்கள், 90 விழுக்காட்டினர் காணாமல் போனார்கள். முதியவர்களில் ஒருவரும் குறையவில்லை. கல்வியைச் சரிசெய்யப் போய் மக்கள்தொகையின் அடித்தளத்தையே அரித்துவிட்டேன். அழித்து அழித்துத் திருத்துவதைவிட, முதலில் வயதை எடுத்து, அந்த வயதுக்கு உரிய எடைகளிலிருந்து கல்வியை எடுப்பதே நேரான வழி. வயதின் நிகழ்தகவையும், அந்த வயதில் அந்தக் கல்விக்கான நிகழ்தகவையும் பெருக்கினால் வருவதுதான் இரண்டும் சேர்ந்த பரவல்.

இங்கே ஒரு பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது. ஏழு வயதுக் குழந்தை பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. தொடக்கநிலையை இன்னும் முடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பள்ளி செல்லாதோர் என்று எழுதுவது தவறு. யுனெஸ்கோ வகைப்பாடும் படிக்கும் திட்டத்தையும் முடித்த கல்வியையும் தனித்தனியாகக் குறிக்கிறது. முடித்த கல்வியில் 0 என்றால் தொடக்கநிலைக்கும் குறைவு. ஆகவே முதல் நிலையின் பெயர் 'தொடக்கநிலை முடிக்காதோர்' ஆனது. முடித்த கல்வி வேறு, இப்போது படிக்கும் வகுப்பு வேறு. இந்த இரண்டையும் ஒரே நெடுவரிசையில் குழப்பிய தரவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னால் யாராலும் பிரிக்க முடிவதில்லை.

வயதை ஐந்து பிரிவாக்கினேன். 5–14 வயதில் 900 பேர், 15–24 வயதில் 900, 25–44 வயதில் 1600, 45–64 வயதில் 1120, 65-க்கு மேல் 480. இதைக் குலுக்கலில் விடாமல், ஒரு மதிப்பைக் கேட்ட தடவை திரும்ப எழுதித் தரும் ரெப் ஃபங்ஷனால் அளந்து வைத்துவிட்டேன். பிரிவுக்குள் எந்த வயது என்பது மட்டும் குலுக்கல். பிறகு கல்விக்கு எடை. 0 முதல் 8 வரை வரிசையாக, 25–44 வயதுக்கு 4, 10, 18, 32, 25, 10, 1. அடுத்த பிரிவுக்கு 10, 20, 22, 28, 14, 5, 1. முதியவர்களுக்கு 28, 28, 18, 16, 7, 2, 1. பிரிவுக்கு ஒரு சாம்பிள் போதும், ஆள் ஆளாக லூப் ஓட்ட வேண்டியதில்லை.

சிக்கல் இளையவர்களிடம். 25-க்குக் கீழே ஒவ்வொரு வயதும் வேறு. 15 வயதில் மேல்நிலை முடியாது, 19 வயதில் முடியும். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தபட்ச வயது வைத்தேன்: தொடக்கநிலைக்கு 11, நடுநிலைக்கு 14, மேல்நிலைக்கு 17, இளநிலைக்கு 20, முதுநிலைக்கு 22, முனைவருக்கு 25. நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதால் ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். இளையவர்களுக்கான எடை 3, 8, 17, 34, 27, 10, 1. 15 வயதுக்காரருக்கு முடியாத நிலைகளின் எடையைப் பூஜ்யமாக்கினேன். மிச்சத்தை சாம்பிள் தானே சரிசெய்துகொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் மூன்றாம் நாள் முழுவதும் போயிற்று. மிஞ்சிய எடைகள் 3, 8, 17. கூட்டு 28. சாம்பிள் இவற்றை 100-க்கு நீட்டுகிறது. தொடக்கநிலை முடிக்காதோர் 3-லிருந்து 11 விழுக்காடாகிவிடுகிறார்கள், தொடக்கநிலையோடு நின்றவர்கள் 8-லிருந்து 29 ஆகிவிடுகிறார்கள். ஆனால் அதே தலைமுறையில் 20 வயதைப் பார்த்தால் தொடக்கநிலை முடிக்காதோர் 4-க்கும் கீழே. வயது ஏற ஏறப் படிப்பில் பின்தங்கியவர்கள் மறைந்துபோவது போல ஒரு தோற்றம். பதினைந்து வயதில் ஒன்பதில் ஒருவர், இருபதில் இருபத்தைந்தில் ஒருவருக்கும் குறைவு. இந்தத் தரவை வைத்து யாராவது வரைபடம் போட்டால் ஐந்தே ஆண்டில் ஒரு கல்விப் புரட்சி நடந்ததாகத் தெரியும். பிழைச் செய்தி இல்லை, இருக்க முடியாத ஆளும் இல்லை. ஆனாலும் பொய். ஏழு வயது முனைவரைவிட ஆபத்தானது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தனி வரிசை ஒவ்வொன்றும் நம்பும்படியாக இருக்கிறது.

காரணத்தை யோசித்தபோது புரிந்தது. 15 வயதில் மேல்நிலை முடிக்காதவர் எல்லோரும் படிப்பை விட்டவர் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் நடுநிலையை முடித்து மேலே போய்க்கொண்டிருப்பவர்கள். பூஜ்யமாக்கிய 72 விழுக்காடு எடை எல்லா நிலைக்கும் விகிதப்படி சிதறக் கூடாது. அந்த வயதில் எட்டக்கூடிய உச்ச நிலையில் வந்து சேர வேண்டும்.

ஆகவே கேள்வியையே மாற்றினேன். இந்த ஆள் இப்போது எந்த நிலை என்று குலுக்காமல், வாழ்க்கையில் கடைசியாக எதுவரை படிப்பார் என்று குலுக்கினேன். அது சேருமிடம். பிறகு வயது எதுவரை விடுகிறதோ அதுவரை வெட்டினேன். சேருமிடம் முதுநிலை, வயது 15 என்றால் இப்போது அவர் நடுநிலையில் இருப்பார். சேருமிடம் தொடக்கநிலை என்றால் 15 வயதிலும் தொடக்கநிலைதான். இப்படிச் செய்தால் 15 வயதில் 3, 8, 89 என்று வருகிறது. 20 வயதிலும் அதே 3, அதே 8. தலைமுறை தனக்குத்தானே முரண்படவில்லை.

ஆரில் இது இரண்டே வரி. குறைந்தபட்ச வயதுகளை வரிசையாக ஃபைண்ட்-இன்டர்வல் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், ஒவ்வொருவரின் வயதும் எத்தனை படிகளைத் தாண்டியிருக்கிறது என்று 0 முதல் 6 வரை எண்ணித் தருகிறது. அதோடு 1 சேர்த்தால் அந்த வயதின் உச்சப் படி. அதையும் சேருமிடப் படியையும் பி-மின் ஃபங்ஷனில் போட்டால் ஆள்வாரியாகச் சிறியதை எடுத்துத் தந்துவிடும். படிகளை 1 முதல் 7 வரை எண்ணாகவே வைத்துக்கொண்டு கடைசியில்தான் ஃபேக்டராக்க வேண்டும். 5–14 வயதுக்குத் தனி எடைப் பட்டியலே தேவைப்படவில்லை, வெட்டும் படியே குழந்தைகளையும் பார்த்துக்கொண்டது. கூடவே கேட்காமல் ஒன்று கிடைத்தது. சேருமிடம் இப்போதைய நிலையைவிட மேலே இருந்தால் அந்த ஆள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். 'தற்போது படிக்கிறாரா' என்ற அடுத்த கேள்விக்கு அதையே பதிலாக வைத்துவிட்டேன். இந்த இடத்தில் எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன், அவ்வளவு நிம்மதி.

சரியாக வந்ததா என்று பார்ப்பது அடுத்த வேலை. 25–44 வயதில் மேல்நிலை 32 விழுக்காடு, 1600 பேரில் 512 வர வேண்டும். எனக்கு வந்தது 531. பிழையா? 1600, 0.32, 0.68 மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் ஏறத்தாழ 18.7. 512-க்கு இருபுறமும் அதில் இரு மடங்கு விட்டால், 475-லிருந்து 549 வரை எது வந்தாலும் வியக்க ஒன்றுமில்லை. வந்த எண்ணிக்கைகள் எதிர்பார்த்தவற்றிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மொத்தமாகப் பார்க்க கை-வர்க்கச் சோதனை இருக்கிறது. ஏழு நிலை என்றால் கட்டற்ற அளவு (சுதந்திரமாக மாறக்கூடிய எண்ணிக்கைகள்) 6, 5 விழுக்காட்டு எல்லை 12.59. முதியவர்கள் பிரிவில் தோராயம் சரியாக இல்லாமல் போகலாம் என்று ஆர் எச்சரித்தது. 480 பேரில் 1 விழுக்காடு 4.8. எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழ் போனால் அந்த எச்சரிக்கை வரும். சிமுலேஷன் வழியாக மதிப்பிடச் சொல்லும் வசதி அதே ஃபங்ஷனில் உண்டு, அதைப் போட்டதும் அடங்கிவிட்டது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எண்கள் அழகாக வரும்வரை சீடை, அதாவது குலுக்கல் தொடங்குவதற்கு நாம் கொடுக்கும் எண்ணை, மாற்றி மாற்றி ஓட்டாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் இருபது ஓட்டத்தில் ஒன்று எல்லையைத் தாண்டத்தான் செய்யும். எண்ணிக்கை துல்லியமாகவே வேண்டும் என்றால் குலுக்கலே வேண்டாம். ரெப்பில் அளந்து வைத்துவிட்டு வரிசையை மட்டும் கலைத்தால் போதும்.

சீடைப் பற்றி இரண்டு வார்த்தை. செட்.சீட் போட்டுவிட்டால் யார் ஓட்டினாலும் அதே தரவு வரும் என்பார்கள். ஆரின் பழைய பதிப்பு வைத்திருந்த நண்பருக்கு அப்படி வரவில்லை. 2019-இல் வெளிவந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்றினார்கள். அதற்கு முந்தைய பதிப்பில் அதே சீட் வேறு ஆட்களைத் தரும். சாம்பிள்.கைண்ட் என்பதை ரவுண்டிங் என்று வைத்தால் பழைய முறை திரும்பக் கிடைக்கும். இன்னொன்று, ஸ்கிரிப்டின் நடுவில் புதிதாக ஒரு குலுக்கலைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் மாறிவிடும், எண்கள் ஒரே ஓடையிலிருந்து வரிசையாக வருவதால். புதிய நெடுவரிசையைக் கடைசியில் சேருங்கள், இல்லையேல் ஒவ்வொன்றுக்கும் தனி சீட் கொடுங்கள்.

பிறகு தொழில். முதலில் தொழிலைத் தனியாகக் குலுக்கிவிட்டு, கல்வி பொருந்தாத ஆட்களுக்கு மட்டும் கல்வியை மறுபடி குலுக்கினேன். மருத்துவருக்கு அனுமதித்த குறியீடுகள் 6, 7, 8. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு 8 மட்டும். டேபிளில் 4, 5 என்ற குறியீடுகள் முளைத்திருந்தன. என் படிவத்திலேயே இல்லாதவை! எங்கிருந்து வந்தன என்று தேடியபோது எல்லாம் பேராசிரியர்கள். சாம்பிளுக்கு ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணிலிருந்து எடு என்று அது புரிந்துகொள்ளாது, 1 முதல் அந்த எண் வரை எடு என்று புரிந்துகொள்ளும். 8 மட்டும் என்றேன், அது 1 முதல் 8 வரை குலுக்கியது. எட்டில் ஏழு பேராசிரியர்களுக்கு முனைவர் பட்டம் இல்லை. படிவத்தில் 4, 5 இரண்டும் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது. ஆரின் உதவிப் பக்கத்திலேயே இதற்கு மாற்று இருக்கிறது. மதிப்புகளைக் குலுக்காமல், எத்தனை மதிப்புகள் இருக்கின்றனவோ அத்தனை இட எண்களை சாம்பிள்.இன்ட் கொண்டு குலுக்கி, அந்த இடத்தில் இருப்பதை எடுப்பது. அதைப் போட்டேன். பிறகு யோசித்து அந்தப் படியையே எடுத்துவிட்டேன். தொழிலுக்காகக் கல்வியைத் திருத்தினால் மூன்று நாள் பாடுபட்டு அமைத்த பரவல் கலைந்துவிடும். கல்வியை வைத்துத் தொழிலைக் குலுக்குவதே முறை.

வருமானத்துக்கு லாக்-நார்மல் பரவல், அதாவது சிலருக்கு மட்டும் மிக மேலே நீளும் பரவல். நிலைக்கு ஒரு மீடியன் (நடு மதிப்பு) வைத்து, லாக் அளவில் திட்டவிலக்கம் 0.6 கொடுத்தேன். சராசரி மீடியனைவிட 20 விழுக்காடு கூடுதலாக வந்தது. 0.6-இன் வர்க்கத்தில் பாதி 0.18, அதை e என்ற மாறிலியின் அடுக்காக்கினால் 1.197, ஆகவே அது வர வேண்டியதுதான். விடுபட்ட பதில்களை வயதைச் சார்ந்து தூவினேன், முதியவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக. எல்லா வயதிலும் சமமாகத் தூவினால் ஸ்கிரிப்டுக்கு எந்தச் சோதனையும் இல்லை. டேபிள் ஃபங்ஷன் விடுபட்டவற்றைத் தானாகக் காட்டாது, யூஸ்-என்.ஏ. என்று கேட்டால்தான் காட்டும்.

அந்த விடுபட்டவற்றைத் தூவுவதற்கு முன், முழுத் தரவின்மேல் அலசல் ஸ்கிரிப்டை ஒரு முறை ஓட்டியிருந்தேன். 25 வயதுக்கு மேற்பட்டோரில் பட்டம் பெற்றோர் எத்தனை விழுக்காடு என்பது அறிக்கையின் முதல் எண். ஸ்கிரிப்ட் 8.1 என்றது.

எடைகளை நான்தானே வைத்தேன். 1600 பேரில் 36 விழுக்காடு, 1120 பேரில் 20, 480 பேரில் 10. சேர்த்தால் 3200 பேரில் 26.5 விழுக்காடு. குலுக்கலால் ஒன்றரை விழுக்காடு அப்படி இப்படிப் போகலாம், 8-க்கு இறங்க வழியே இல்லை. தரவைத் திறந்து கையால் எண்ணினேன், தரவு சரி. மேல்நிலையோ அதற்கு மேலோ முடித்தோர் என்ற எண்ணைப் பார்த்தேன். 54.7-ஐ ஒட்டி வர வேண்டியது 74 என்று இருந்தது. ஒன்று இறங்கியிருக்கிறது, மற்றது ஏறியிருக்கிறது.

பிழை ஸ்கிரிப்டில், ஒரே வரியில். கல்விக் குறியீட்டை ஃபேக்டராக்கியிருந்தேன், பிறகு 6-உம் அதற்கு மேலும் என்று ஒப்பிடுவதற்காக ஆஸ்.இன்டிஜர் போட்டு எண்ணாக்கியிருந்தேன். ஃபேக்டரை நேரடியாக எண்ணாக்கினால் வருவது குறியீடு அல்ல, அது எத்தனையாவது நிலை என்ற இட எண். 0, 1, 2, 3, 6, 7, 8 என்பவை 1, 2, 3, 4, 5, 6, 7 ஆகிவிட்டன. இளநிலைப் பட்டத்தின் 6, 5 ஆனது. ஸ்கிரிப்டின் கண்ணில் அவர்களில் ஒருவர்கூடப் பட்டதாரி இல்லை. நடுநிலையின் 2, 3 ஆனது. அவர்கள் எல்லோரும் மேல்நிலை முடித்தவர்கள் ஆகிவிட்டார்கள். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. உண்மைத் தரவின்மேல் ஓட்டி 8.1 என்று வந்திருந்தால் நான் அதை அப்படியே அறிக்கையில் எழுதியிருப்பேன். மறுக்க என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

எண்ணாக்கும் வரியை எடுத்துவிட்டு, ஆர்டர்டு ஃபேக்டரையே 'இளநிலைப் பட்டம்' என்ற பெயரோடு ஒப்பிட்டேன். வரிசை அதற்கே தெரியும் என்பதால் எண் தேவையில்லை. 26.3 வந்தது. மேல்நிலை 55.1.

இந்த இரண்டு எதிர்பார்ப்புகளையும் ஸ்கிரிப்டின் முதல் பகுதியில் நிபந்தனையாகப் போட்டுவிட்டேன். செயற்கைத் தரவில் பட்டதாரிகள் 25-க்கும் 28-க்கும் இடையில் வராவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். களத்திலிருந்து தரவு இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் முதலில் இந்த 5000 பேர்மேல் ஒரு முறை ஓட்டி, இரண்டு எண்களும் வந்த பிறகே ஸ்கிரிப்ட் படிக்கும் கோப்பின் பெயரை உண்மைத் தரவுக்கு மாற்றுவேன்.